ஜீப் வந்துகொண்டிருக்கிறது

ஆப் செய்கிறவர்கள் பலரும் முதல் திரையை அழகாக்குவதில்தான் நேரத்தைச் செலவழிப்பார்கள். நான் பேக் பட்டனிலிருந்து தொடங்குவேன். உள்ளே வந்த ஒருவர் எந்தத் திரையில் நின்றாலும் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதறிப்போவார்கள். டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், தண்ணீர் போதும்.

என் பெயர் சசிகலா. சொந்த ஊர் சந்தவாசல். திருப்பத்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஆப் செய்து கொடுக்கிறேன். புதூர்நாட்டு மலைக் கிராமங்களுக்காக, அவசரத்துக்கு ஜீப் கூப்பிடும் ஆப்பை ஒரு தொண்டு நிறுவனம் கேட்டுச் செய்து கொடுத்தவள் நான்தான். அமுதவல்லி இறந்ததைப் பற்றி நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஆப் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த திரைக்குப் போனால் மேலே ஒரு தட்டு ஏறும். பேக் அழுத்தினால் மேல் தட்டு போய் அடியில் இருந்தது தெரியும். முதலில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். பிறகு எந்த ஊர். பிறகு யாருக்கு, என்ன உபாதை. கடைசியில் 'அனுப்பு'. அதை அழுத்தியதும் ஓட்டுநர்களின் போனில் மணி அடிக்கும். இங்கே 'ஜீப் வந்துகொண்டிருக்கிறது, அங்கேயே இருங்கள்' என்ற திரை வரும். அந்த இடத்தில் அடியில் இருக்கும் தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுவேன். பதற்றத்தில் பேக் அழுத்தி மறுபடியும் அனுப்பினால் ஒரே நோயாளிக்கு இரண்டு ஜீப் கிளம்பிவிடும். மலையில் அத்தனை ஜீப் கிடையாது.

எந்தத் திரைக்கும் தனக்கு அடுத்தது எது என்று தெரியாது. தெரியவும் கூடாது. தன் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அது சொல்லும். எங்கே போவது, போகும்போது என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் தனியாக ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பேன். பிறகு எதை மாற்ற வேண்டியிருந்தாலும் அங்கே மாற்றினால் போதும். ஒழுங்காக வேலை கற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

என் தம்பி அருள் மண்டிக்காக மலையில் புளி வாங்கப் போவான். ஒரு நாள் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது பாம்பு கடித்துவிட்டது. ஊரில் நின்ற ஒரே ஜீப் பாண்டுரங்கனுடையது. அருளை அதில் தூக்கி ஏற்றினார்கள். ஜீப் கிளம்பவில்லை. ஆள் நிறையாமல் மலை ஜீப் கிளம்பாது. கல்யாணத்துக்குப் போகிறவரும் காத்திருப்பார், காய்ச்சல்காரரும் காத்திருப்பார். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

அன்று அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் மாணிக்கம்மாள். அதே ஊர்க்காரி. அதற்கு முன் அவனைப் பார்த்தது கூடக் கிடையாது. காரியத்துக்குச் சந்தவாசல் வரைக்கும் வந்து என்னிடம் சொன்னாள்.

"தம்பிக்கு கண்ணு சொருவுதுண்ணா, வண்டிய எடுண்ணான்னு கெஞ்சினேம்மா. 'இரும்மா, சந்தைக்குப் போறவங்க தோ வர்றாங்க, ஏத்திக்கினு போய்டலாம், காலியா எறங்குனா கட்டுப்படியாவுமா'ன்னாரு. பீடி பத்த வச்சிக்கினாரு."

பாதி மலையில் அருள் இறந்தான். வழக்கு எதுவும் இல்லை. பாம்புதானே கடித்தது. பாண்டுரங்கன் மாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "விதிம்மா" என்றார்.

ஆப்பை நான் பழிவாங்குவதற்காகச் செய்யவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் தம்பியைப் போல் இன்னொருவர் காத்திருந்து சாகக் கூடாது என்றுதான் செய்தேன். இன்று வரை எத்தனையோ பேரை அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்திருக்கிறது. மலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

போன்களில் ஆப்பை ஏற்றிக்கொடுக்க ஊர் ஊராகப் போனபோது பாண்டுரங்கனை மறுபடியும் பார்த்தேன். நெஞ்சுவலி வந்து, வேலூரில் ரத்தக்குழாய்க்குள் ஏதோ வைத்திருந்தார்கள். ஜீப்பை விற்றுவிட்டு மேட்டில் ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். ஊரில் அந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். கடை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"இன்னாம்மா, இத்த அமுக்குனா ஜீப்பு தானா வந்துடுமா?" என்றார். "நா வண்டி ஓட்டுன காலத்துல இது இருந்திருந்தா என்னெ சோறு துன்னவே வுட்டிருக்க மாட்டானுங்க."

ரங்கசாமி என்று ஒரு பெரியவர், கடையில் பொரி வாங்கிக்கொண்டிருந்தவர், சொன்னார்: "வண்டி ரொம்பாம நீ எங்கய்யா எடுத்த? சாவுற வலியில கெடந்தாலும் இன்னும் ரெண்டு பேரு ஏறட்டும்ப. ஒனக்கு ஆப்பு வச்சா மட்டும் எடுத்திருப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டுரங்கனும் சிரித்தார். பொரிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, பல் தெரிய, நல்லபடியாகச் சிரித்தார்.

"எனக்குத்தான் மொதல்ல போட்டுக் குடும்மா. நெஞ்சுல கொழா வச்சவன் நானு" என்றார்.

முதலில் அவருக்குத்தான் போட்டுக் கொடுத்தேன்.

திருப்பத்தூர் வந்ததும், எந்தத் திரைக்கு அடுத்து எது என்று எழுதி வைத்திருந்த அந்த ஒரே இடத்தைத் திறந்தேன். அவருடைய எண்ணாக இருந்தால் 'அனுப்பு' அழுத்தியதும் நேராகக் காத்திருக்கும் திரைக்குப் போ என்று எழுதினேன். நடுவில் ஓட்டுநர்களுக்கு மணி அடிக்கும் வேலையை அவருக்கு மட்டும் எடுத்துவிட்டேன். சின்ன மாற்றம். எந்தத் திரையையும் தொடவில்லை. மற்றவர்களுக்கு ஆப் முன்பு போலவே நடந்தது. சோதித்தும் பார்த்தேன்.

நெஞ்சு வலிக்கும்போது அவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் விரும்பியது.

'யாருக்கு' என்ற திரை எனக்குப் பிடிக்காது. ஒரு திரை கூடுதல். வேண்டாம் என்று வாதாடினேன். நிறுவனத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. மலையில் ஒருவர் போனில் ஊரே பேசும், கூப்பிடுகிறவர் ஒருவராகவும் நோயாளி வேறொருவராகவும் இருப்பார் என்றார்கள். சரி என்று வைத்தேன். ஆக, எனக்கு அது தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

யார் எந்தத் திரையில் நிற்கிறார்கள் என்பது என் கணினியில் தெரியும். அவருடைய எண் நகர்ந்தபோது மதியம். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புப் பொத்தான். ஊர். அடுத்த திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அமுதவல்லி, மாணிக்கம்மாள் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது. உபாதை என்ற இடத்தில் 'ரத்தம் நிக்கல' என்று இருந்தது. பிறகு 'அனுப்பு'.

காத்திருக்கும் திரை வந்தது. பேக் அழுத்தினார்கள். அதே திரை. மறுபடியும் அழுத்தினார்கள். அதே திரை.

ஓட்டுநர்களின் எண்கள் என்னிடம் இருந்தன. மேசை மேல்தான் போன் இருந்தது. கொஞ்சம் பொறுத்துக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டு முடித்தேன். டப்பாவைக் கழுவி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் அதே திரையில்தான் நின்றார்கள். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். அடிவாரத்துக்கு வரும் முன்பே போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை.

பாண்டுரங்கன் என் அறைக்கு வந்தார். தோளில் டோலிக் கம்பு அழுத்திய காயம் இருந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டு அவரும் தூக்கியிருக்கிறார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலி போட்டேன்.

"வருது வருதுன்னே போட்டுக்கினு இருந்துச்சும்மா. மாணிக்கம்மா தலையில அடிச்சிக்கினு, டோலி கட்டுண்ணா, எறங்கிடலாம்னா. நாந்தாம்மா தடுத்தேன். இரும்மா, வண்டி தோ வந்துடும்னு சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"இரும்மான்னு சொன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறேன் என்று புரியவில்லை. ஆனாலும் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். ரொம்ப நேரம் அழுதார். அருள் போன பிறகு நான் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

போகும்போது, "வேற யாருக்கும் இப்பிடி ஆவக் கூடாது. ரிப்பேர் பண்ணிடும்மா" என்றார். நான் யாருடைய அக்கா என்று அப்போதும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

மாணிக்கம்மாளுக்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள். வருத்தம்தான். நல்ல பெண். ஆனால் அந்த வழியை நான் அவளுக்காகப் போடவில்லை. அவள் மகள் அந்த மேட்டுக் கடைக்காரனின் போனை நம்பியிருக்க வேண்டாம்.

இத்தனையையும் நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிக்னல் கோளாறு என்று விட்டிருப்பீர்கள். ஆனால் நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த அறிக்கையை நான் படித்தேன். 'ஆப் வடிவமைப்பில் இருந்த பிழையால் நேர்ந்த மரணம்' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பூஜா என்று ஒரு பெண்ணை வைத்து எல்லாத் திரைகளையும் புதிதாகச் செய்யப்போகிறார்களாம். படித்துவிட்டு நேராக இங்கே வந்தேன்.

மணி அடிப்பதை எடுத்தது நான்தான். பெயரைப் படித்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன், கூப்பிடவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

'பிழை' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். என் வேலையில் இதுவரை யாரும் பிழை சொன்னதில்லை.