நான் எட்டு மாதம் நாடாக இருந்த கதை

ஓய்வு பெற்றும் ஓயாத உள்ளமே, முதல் மாடியின் முழுநிலவே, நமது குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடு வீற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே! நாக்கை நீட்டச் சொன்னாலே நாலு நோயைச் சொல்லிவிடும் நான்காம் மாடியின் நாயகி, சிறப்பு விருந்தினர் டாக்டரம்மா அவர்களே! இருக்கிறாரா இல்லையா என்று இரண்டு முறை பார்த்தால்தான் தெரியும்படி அடக்கமே உருவாக அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும் அவருடைய கணவர் அவர்களே! சங்கத்தின் செயலாளரே! முன் வரிசைப் பெரியோர்களே! நாற்காலி போதாமல் அடுத்தவர் காரின் மேல் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு வந்து அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவரின் இடுப்பளவையும் நெஞ்சிலே சுமந்து நிற்கும் இந்தத் தரைத்தளத்துத் தையற்காரனின் தாழ்மையான வணக்கம்!

பதறாதீர்கள் அம்மா, யாருடைய அளவையும் வெளியே சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கு என் கடையில் ஈ கூட வராது.

இந்த மேடையில் இன்று முழங்க வேண்டியவர் ஒரு பேராசிரியர். அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவருடைய குறிப்புத் தாள் மட்டும் வந்து சேர்ந்தது. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு செயலாளர் என் கடைக்கு ஓடி வந்தார். "அண்ணே, துணி தர்றதுக்கு நாள் தள்ளிப்போறப்ப நீங்க பேசுற பேச்சு எந்தப் பேராசிரியருக்கும் வராது. எப்படியாவது ஒரு இருபது நிமிஷம் சமாளிங்க" என்றார். தலைப்பைப் பார்த்தேன். 'வல்லரசுப் போட்டிக்கு நடுவே பதிலிப் போர்கள்: ஓர் ஒப்பீடு.' பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. ஏன் புல்லரித்தது? பதிலிப் போரைப் படித்தவர்கள் உண்டு, பாடம் நடத்தியவர்கள் உண்டு, பட்டம் வாங்கியவர்களும் உண்டு. ஆனால் பெரியோர்களே, நான் ஒரு நாடாகவே இருந்தவன்! எட்டு மாதம் இருந்தேன்! எல்லையோடு இருந்தேன்! எதிரியோடு இருந்தேன்! ஆயுதக் கிடங்கோடு இருந்தேன்!

பதிலிப் போர் என்றால் என்ன? இரண்டு பெரிய நாடுகள் நேருக்கு நேர் மோத அஞ்சி, மூன்றாமவன் முற்றத்தில், நான்காமவன் தோளை வைத்து மோதிக்கொள்வது. தாளில் கொரியா இருக்கிறது, வியட்நாம் இருக்கிறது, அங்கோலா இருக்கிறது. அந்த மண்ணில் விழுந்தவர்கள் லட்சக்கணக்கான மனிதர்கள். அவர்களை வைத்துச் சிரிக்க எனக்கு வாய் வராது. நான் சிரிக்கப்போவது எங்களைப் பார்த்து. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர்களை நினைத்தால், அந்த நினைப்பு கொஞ்சம் ஆழமாக இறங்கும் என்பது என் எண்ணம்.

நம் போர் எப்படி மூண்டது? ஒரு படுக்கை விரிப்பால் மூண்டது! நான்காம் மாடியில் காயப் போட்ட விரிப்பிலிருந்து ஒரு சொட்டு நீர் புறப்பட்டது. மூன்றாம் மாடியைக் கடந்தது, இரண்டாம் மாடியைக் கடந்தது, முதல் மாடியில் தலைமையாசிரியர் ஐயா மைப்பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்த குறுக்கெழுத்துப் புதிரில் சரியாகப் பதினேழாவது கட்டத்தில் போய் விழுந்தது. மை கலைந்தது. மனம் கலைந்தது. ஐயா மேலே பார்த்தார், அம்மா கீழே பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வல்லரசுகள் பேசுமா?

மோதினார்களா? அதுவும் இல்லை. ஏன்? இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருந்தது! தண்ணீர் மோட்டார் சாவி ஐயாவிடம். லிஃப்ட் சாவி அம்மாவிடம். ஐயா மோட்டாரை நிறுத்தினால் நான்காம் மாடியில் குளிக்க முடியாது. அம்மா லிஃப்டை நிறுத்தினால் ஐயாவின் முழங்கால் முதல் மாடிக்கே ஏறாது. அவர் அழுத்தினால் இவர் அழுத்துவார், இவர் அழுத்தினால் அவர் அழுத்துவார். ஆகவே இரண்டு பேரும் அழுத்தாமல், தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள்.

தரைத்தளத்தில் யார் இருந்தோம்? இடைவழிக்கு இந்தப் பக்கம் நான், தையல் இயந்திரத்தோடு. அந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டியோடு என் மாப்பிள்ளை, என் ஒரே தங்கையின் கணவர். நான் தைப்பேன், அவர் தேய்ப்பார். மதியமானால் என் தங்கை ஒரே தூக்கில் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு கொண்டு வருவாள், மூன்று பேரும் இடைவழியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பதினோரு வருடத்தில் ஒரு மனத்தாங்கல் கிடையாது.

ஒரு நாள் டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார்கள். "ஏம்பா, உங்க மாப்பிள்ளையோட இஸ்திரிச் சூடு மொத்தமும் உன் பக்கம் தானே வருது? எப்படித்தான் பொறுத்துக்கறியோ!" என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குச் சுடவே இல்லை. அவர்கள் சொல்லி முடித்த நொடியில் வேர்த்துக் கொட்டியது! மறுநாள் அன்பளிப்பாக ஒரு மேசை விசிறி வந்து இறங்கியது. அடுத்த நாள் ஐயா மாப்பிள்ளையிடம் போனார்கள். "அந்த விசிறி துணித்தூசி எல்லாத்தையும் உங்க மேலதானே தள்ளுது? உங்களுக்குன்னு ஒரு உரிமை இல்லையா?" உரிமை என்ற சொல்லை ஐயா உச்சரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மாப்பிள்ளைக்கு இடுப்பு உயரத்தில் ஒரு விசிறி வந்தது. எனக்குத் தோள் உயரத்தில் வந்தது. அவருக்குத் தலை உயரத்தில் வந்தது.

பேராசிரியர் எழுதியிருக்கிறார், வியட்நாமுக்கு முதலில் ஆயுதமும் ஆலோசகர்களும் வந்தார்கள் என்று. எனக்கும் ஆலோசகர் வந்தார்! டாக்டரம்மாவின் கணவர் தினமும் காலையில் வந்து என் முக்காலியில் உட்காருவார். தேநீர் குடிப்பார். ஒரு மாதத்தில் அவர் சொன்ன மொத்த ஆலோசனை ஒன்றே ஒன்று: "அஞ்சுல வைங்க." விசிறியை ஐந்தாம் வேகத்தில் வைத்தேன். எதிர்ப்பக்கமும் ஐந்தில் வைத்தது. நடுவில் நின்ற வாடிக்கையாளர் ஒருவரின் வேட்டி எந்த நாட்டுக்குப் போவது என்று தெரியாமல் தவித்தது. சிரிக்கிறீர்கள். அந்த வேட்டிக்காரரும் இங்கேதான் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது எல்லைக்கோடு. கொரியாவுக்கு, இரண்டு அமெரிக்க அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்து அவசரமாக ஒரு கோட்டைப் போட்டார்களாம். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று குடும்பங்கள் பிளந்து போயினவாம். நான் என்ன செய்தேன்? துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியை எடுத்தேன், இடைவழியின் நடுவே இழுத்தேன் ஒரு கோடு! அன்று மதியம் சோற்றுத் தூக்கோடு வந்த என் தங்கை, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றாள். "அண்ணா, இந்தப் பக்கம் நின்னா அவர் முறைக்கிறாரு. அந்தப் பக்கம் நின்னா நீ முறைக்கிறே. நான் என்ன, கோட்டு மேலயே குடித்தனம் நடத்தவா?" என்று கேட்டாள். நாடாக இருந்த நான் தையலில் குனிந்துகொண்டேன். அடுத்த நாளிலிருந்து இரண்டு டப்பாக்கள் வந்தன. இரண்டு வாசலில் வைத்துவிட்டு அவள் போய்விடுவாள். அவள் எங்கே உட்கார்ந்து, யாரோடு சாப்பிட்டாள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேன்ட் கதை எங்கே என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. வந்துவிட்டேன் தம்பி!

ஆறாவது மாதம். ஐயா ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்தார்கள். டாக்டரம்மாவின் கணவரும் ஒரு பேன்ட் கொடுத்தார். துணி வேறு, அளவும் வேறு. ஐயா அகலத்தில் வள்ளல், அவர் உயரத்தில் வள்ளல். இரண்டு அளவுச் சீட்டுகளையும் துணிகளின் மேல் குத்தி வைக்க வேண்டும். எந்த மடத் தையற்காரனும் குத்துவான். ஆனால் போர்க்காலமல்லவா? குண்டூசிகளை எல்லாம் விசிறிக்கு எதிராகத் திரை கட்டச் செலவழித்துவிட்டேன்! அந்த நேரம் பார்த்து ஐயா மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த தலை உயர விசிறி ஐந்தில் சுழன்றது. சீட்டுகள் பறந்தன. பொறுக்கி வைத்தேன். மாற்றி வைத்தேன். தைத்தும் முடித்தேன். உலக வரலாற்றிலேயே, தான் கொடுத்த ஆயுதத்தால் தன் பேன்ட்டையே இழந்த வல்லரசு நம் தலைவர் ஒருவர்தான்!

மணியை வைத்துவிடுங்கள் ஐயா, முடிக்கப் போகிறேன்.

ஐயா போட்டார், பொத்தான் எட்டவில்லை. அவர் போட்டார், பேன்ட் நிற்கவில்லை. என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட, ஆதாரத்தை உடுத்திக்கொண்டே கிளம்பினார்கள் இரண்டு பேரும். நான்காம் மாடியிலிருந்து லிஃப்ட் இறங்கியது. உள்ளே டாக்டரம்மாவும், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்த கணவரும். முதல் மாடியில் கதவு திறந்தது. வெளியே, மூச்சைப் பிடித்த தலைமையாசிரியர். பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றார்கள். முதலில் சிரித்தது டாக்டரம்மா என்று கேள்வி. "ஐயா, அது எங்க வீட்டு பேன்ட் மாதிரி இருக்கே" என்றார்களாம். லிஃப்ட் கீழே வரவில்லை, மேலே போனது. நான்காம் மாடியில் பேன்ட் பரிமாற்றம். தேநீர். சமாதானம்!

அந்தச் சமாதானத்தை எங்களுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை! பேன்ட் மாறியது தெரிந்து, எப்போது தலை போகும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். யாரும் வராததால் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மேலே குறுக்கெழுத்தை இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே நானும் என் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு மாதம் ஐந்தில் வைத்துக்கொண்டிருந்தோம். அங்கோலாவைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வரி எழுதியிருக்கிறார். வல்லரசுகளின் பகை முடிந்த பிறகும் அந்த நாட்டில் பத்து ஆண்டுக்கு மேல் துப்பாக்கி ஓயவில்லையாம். தூண்டிவிட ஆள் வந்த வேகத்தில், போதும் என்று சொல்ல ஆள் வரவில்லை. மூன்று போரையும் ஒப்பிட்டு நான் கண்ட ஒற்றுமை அது ஒன்றுதான் ஐயா.

எங்களுக்குச் சமாதானம் எப்படித் தெரிந்தது தெரியுமா? போன வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தில் தெரிந்தது. ஐயாவும் அம்மாவும் அருகருகே கையெழுத்திட்ட தீர்மானம் எண் நான்கு. 'தரைத்தளத்தில் ஓயாமல் சச்சரவு செய்யும் இரண்டு கடைகளையும் காலி செய்து, இடைவழிச் சுவர்களை இடித்து, மேசைப்பந்து விளையாட ஓர் ஒற்றுமைக் கூடம் அமைப்பது.' ஒற்றுமைக் கூடம்! சண்டையைக் கொடுத்தவர்களுக்கு மேசைப்பந்து! சண்டை போட்டவர்களுக்குத் தெரு!

டாக்டரம்மா தலை குனிகிறார்கள். வேண்டாம் அம்மா. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் விசிறிதான் கொடுத்தீர்கள். அதை ஐந்தில் வைத்தது என் கை.

அந்தக் கையைப் பற்றித்தான் கடைசியாகப் பேச வந்தேன். நம் சங்க விதிப்படி, வீடானாலும் கடையானாலும் ஒன்றுக்கு ஒரு கை, ஒரு ஓட்டு. இந்த எட்டு மாதமும் எந்தத் தீர்மானம் வந்தாலும் என் கை நான்காம் மாடியைப் பார்த்து எழும், மாப்பிள்ளையின் கை முதல் மாடியைப் பார்த்து எழும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துத் தள்ளிவிடும். இன்னும் சற்று நேரத்தில் நான்காம் தீர்மானம் இந்த மேடைக்கு வரப்போகிறது. எதிர்த்துக் கை தூக்கப்போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

மாப்ள! தூணுக்குப் பின்னால நிக்கறீங்க, தெரியுது. எட்டு மாசம் உங்க முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசல. தப்பு என் மேலதான். இஸ்திரிச் சூடு எனக்கு ஒரு நாளும் சுட்டதில்ல, மாப்ள. கையத் தூக்குவீங்களா?

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி! என்ன மாப்ள? "எந்தக் கையத் தூக்கணும் மச்சான், ஐயா கிட்ட இன்னும் கேக்கலயே" என்கிறார்.

எந்தக் கையானாலும் சரி, மாப்ள. உங்க கையா இருந்தாப் போதும்.

தூக்கிவிட்டார்! சபையோரே, தூக்கிவிட்டார்! அடடா, இரண்டு கையையும் தூக்கிவிட்டார்! ஒன்று போதும் மாப்ள, விதி அப்படி. அம்மாடி, உனக்கு ஓட்டு கிடையாதும்மா, நீ ஏன் தூக்கறே? "தூக்கறதுக்கு யாரக் கேக்கணும்?" என்கிறாள் என் தங்கை. யாரையும் கேட்க வேண்டாம் தாயே, நன்றாகத் தூக்கு. மூன்றாம் மாடிக்காரர்களில் ஒரு கை. இரண்டாம் மாடிக்காரர்களில் இரண்டு. வேட்டிக்காரர் தூக்கிவிட்டார். மேடையிலேயே ஒரு கை எழுகிறதே, யாருடையது? டாக்டரம்மாவின் கணவர்!

தலைவர் அவர்களே, நான்காம் தீர்மானம் இப்போதே வந்ததாக வைத்து, எதிர்க்கும் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள். பொறுமையோடு எண்ணுங்கள். நீங்கள் எண்ணி முடிக்கும்வரை யாரும் கையை இறக்க மாட்டோம். வாய்ப்பளித்த சங்கத்துக்கும், வாய் வலிக்கச் சிரித்த உங்களுக்கும், கை வலிக்கத் தூக்கி நிற்கும் என் சனங்களுக்கும், ஒரு கை மேலே இருப்பதால் மறு கையை மட்டும் நெஞ்சில் வைத்து நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!