கோடு சேராத பெட்டி

நல்லாருக்கு தம்பி, ரொம்ப நல்லாருக்கு, நான் இல்லன்னு சொல்லல. நம்ம தலைவர் டத்தோ கை தட்டுனாரு, கமிட்டி கை தட்டுச்சு, கூட்டத்தோட கூட்டமா நானும்தான் தட்டுனேன். பெல்ட்டப் போட்டுக்குங்க, இல்லன்னா இந்தக் காடி கத்திக்கிட்டே வரும். ஆனா கொமட்டிக்கிட்டு வருது தம்பி. உங்களப் பாத்து இல்ல. சரி, உங்களப் பாத்தும் கொஞ்சந்தான். கோலாலம்பூர்லேந்து வந்து எங்க மெர்கோங் டயாலிசிஸ் செண்டருக்கு பெட்டியும் கோடுமா இவ்ளோ பெரிய வரைபடம் போட்டுக் குடுத்திருக்கீங்க, அங்க ஒத்த ஆளா கம்ப்யூட்டர் பாக்குறவன் நாலு வார்த்த பேசக் கூடாதா?

அந்த எண்டர்பிரைஸ் ஆர்கிடெக்சர தப்புன்னே சொல்ல மாட்டேன். மேல, செண்டரு எங்க போகணும்ங்கிற குறிக்கோளு. நடுவுல, அதுக்கு நாம செய்யுற வேல. அடியில, அந்த வேலைக்கு வேணுங்கிற கம்ப்யூட்டர். மேலேந்து கீழ வரைக்கும் கோடு சேரணும், சேராததத் தூக்கிப் போடணும். சரியான பேச்சுதான் லா. இத்தன வருசமா டத்தோ கம்ப்யூட்டர் வாங்குன லட்சணத்தப் பாத்தவன் நானு. பேங்க்குக்குப் போனாரு, நம்பர் கூப்பிடுற திரையப் பாத்தாரு, நமக்கும் ஒன்னு மாட்டுன்னுட்டாரு. வர்றவங்க அவங்கவங்க நாற்காலியில போய்ச் சாஞ்சுக்கிற ஆளுங்க, இதுல யாருக்கு நம்பரு? இன்னும் தொங்குது, பின்னாடி பல்லி குடும்பம் நடத்துது. சீ.

அதனாலதான் நீங்க வந்தப்ப மொத ஆளா சந்தோசப்பட்டேன். அப்புறம் எல்லாரும் லங்காவிக்குப் போனாங்களே, கடலோர ஹோட்டலுக்கு, குறிக்கோள் எழுத. புது செண்டர் தொறக்கணும், நாற்காலி காலியா கெடக்கக் கூடாது, நன்கொட குடுக்குறவங்க பாக்குற மாதிரி கம்ப்யூட்டர் திரையில டாஷ்போர்டு வேணும். எழுதிட்டு எறால் சாப்பிட்டு வந்துட்டாங்க. நோயாளின்னு ஒரு வார்த்த அதுல இருந்துச்சா? தேடிப் பாத்தேன் தம்பி. இல்ல.

நான் ஒரு சின்ன புரோகிராம் வச்சிருந்தேன், ஞாபகம் இருக்கா? பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். நாளைக்கு யாருக்கு ரத்தம் கழுவணும், யார் எந்தத் தோட்டம், வேன் எந்த சடக்குல போகணும்னு டிரைவர் பரஞ்சோதி அண்ணனுக்குச் சொல்லும். அண்ணன் போயி லயத்து வாசல்ல ஹாரன் அடிச்சு ஏத்திக்கிட்டு வந்துரும். அவ்ளோதான். உங்க படத்துல அந்தப் பெட்டிக்கு மேலேந்து ஒரு கோடும் வரல. செவப்பு அடிச்சிட்டீங்க. வேன வித்தாச்சு, அண்ணன் இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டுது.

நீங்க விசாரிக்காம செய்யல, தெரியும் லா. நான்தான் பக்கத்துல நின்னேனே. ஜன்னலோரம் பாப்பம்மாக்கா முன்னால ஸ்டூலப் போட்டு ஒக்காந்து, எவ்ளோ மரியாதையா கேட்டீங்க, அம்மா, வந்து போறதுல ஏதாவது பிரச்சன இருக்கான்னு. அதுவும் ஊசி குத்துன கையோட சிரிச்சிக்கிட்டே சொல்லுச்சு, ஒன்னுமில்லங்கய்யா, எல்லாம் நல்லாருக்குன்னு. எல்லாரும் அதேதான் சொன்னாங்க. நீங்களும் போக்குவரத்துல பிரச்சன இல்லன்னு எழுதிக்கிட்டீங்க.

ஐயோ தம்பி, நம்ம ஆளுங்ககிட்ட அப்படியா கேக்குறது? சட்டைய உள்ள விட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து கேட்டா, வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லும் தோட்டத்து ஜனம். தொரைமாருகிட்டப் பழகுன வாயி. கொற சொன்னா இருக்கறதும் போயிரும்னு பயம். நீங்களும் லயத்துல பொறந்த புள்ளதான? பினாங்குல படிச்சதும் அது மறந்து போச்சா? இதச் சொல்லித்தான் அன்னிக்கே தலையில அடிச்சிக்கிட்டேன். அது கருத்து சார், டேட்டா வேணும்னீங்க.

இப்ப வேனுக்குப் பதிலா போன் ஆப்பு. நோயாளியே போன்ல அமுக்கி காடி கூப்பிடணும். பாப்பம்மாக்காகிட்ட இருக்கறது பட்டன் போனு. அதுவும் யான் டவுனுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துல தோட்டம், லைனே வராது. எந்த கிராப் டாக்சிக்காரன் அங்க வருவான்? ரத்தம் கழுவுற நாள்ல சேலையக் கட்டிக்கிட்டு சடக்குல நிக்கும், வேன் வரும்னு. வேன் நின்னுருச்சுன்னு சொல்லியும் நிக்கும். நர்சு குணவதி சிஸ்டர் எனக்கு போன் அடிக்கும், நான் என் காடியில ஓடிப் போயி தூக்கிட்டு வருவேன். போன முறை உங்க ஒத்திகைக்கு புரொஜெக்டர் புடிக்கச் சொல்லி என்னைய உக்கார வச்சுட்டாரு டத்தோ. அக்கா வரல. ரத்தம் கழுவாம ஒரு முறை தவறுனாலே தண்ணி நெஞ்சுக்கு ஏறும் தம்பி, ரெண்டு முறை தாங்காது. உங்க டாஷ்போர்டுல அது என்னான்னு காட்டுது தெரியுமா? நாற்காலி ஒன்னு வேற ஆளுக்குக் குடுக்கத் தயாருன்னு. பச்ச கலர்ல. எங்க போயி முட்டிக்கிறது?

இன்னிக்கு அக்காவுக்கு முறை. காலையில டத்தோகிட்ட போயி நின்னேன். பாப்பம்மாவ அழைச்சிட்டு வரணும், தம்பிய வேற யாராவது ஏர்போர்ட்டுல விடட்டும்னேன். திரும்பிக்கூடப் பாக்கல. சுகு, விருந்தாளி மொதல்ல, குறிக்கோளோட ஒத்துப் போகக் கத்துக்கோங்கிறாரு. தூ. கத்துக்கிட்டேன்னு தலைய ஆட்டிட்டுத்தான் சாவிய எடுத்தேன்.

என்னா, முன்னாலயே பாத்துக்கிட்டு வர்றீங்க? ஆமா, குனோங் ஜெராய் மலதான் அது. பெருசாகிட்டே வருதா? வரும் லா, அதுகிட்டதான போறோம். ஏர்போர்ட் நமக்குப் பின்னால, டிராபிக் லைட்டுலயே இந்தப் பக்கம் திருப்பிட்டேன். கத்தாதீங்க தம்பி. கோலாலம்பூருக்கு அடுத்த பிளைட்டு இருக்கு, அக்காவுக்கு அடுத்த மூச்சு இருக்கான்னு தெரியல. டத்தோவுக்குத் தாராளமா அடிங்க, சுகுமாரன் கடத்திக்கிட்டுப் போறான்னு சொல்லுங்க. வேல போனா போவுது, ஒரு மயிரும் இல்ல. இப்பவே அடிச்சிருங்க, யான் தாண்டுனா உங்க போனும் வேல செய்யாது.

அதோ வளைவு வருது, அங்க ஒரு நிமிசம் நிப்பாட்டுறேன். பையத் தூக்கி முன்னால வச்சிட்டு நீங்க பின் சீட்டுக்குப் போயிருங்க. அக்காவுக்குக் காலெல்லாம் வீங்கிக் கெடக்கும், தனியா நிமிந்து உக்கார முடியாது, படுத்தா மூச்சு முட்டும். நான் ஓட்டணும். செண்டர் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்கதான் தோள்ல சாச்சு வச்சுக்கணும்.