தாண்டிப்போன பதினாறாம் வீடு

தலைமை ஏற்றிருக்கும் போதகர் ஜான்சன் ஐயா அவர்களே! அவர் அருகில் வீற்றிருக்கும் சபை மூப்பர்களே! உலையை அரைகுறையாக இறக்கி வைத்துவிட்டு ஊரப்பாக்கத்திலிருந்தும் நாவலூரிலிருந்தும் ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கும் பெரியோர்களே! சதுரங்கப்பட்டினத்துக்கு மேற்கே முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட எங்கள் தெருவின் அன்பையும் வணக்கத்தையும் சுமந்து வந்து உங்கள் முன் இறக்கி வைக்கிறேன்.

இரண்டாம் வகுப்போடு நாற்று நடப் போனவள் நான். எழுத்து வரவில்லை, ஆனால் ஆண்டவர் ஞாபகம் கொடுத்தார். அடேயப்பா, என்ன ஞாபகம்! அதனால்தான் சனிக்கிழமை தெரு ஜெபத்தை என்னிடம் விட்டார்கள். கோயில் வாசலில் தொடங்கிக் கடைசி வீடு வரை, குடும்பத் தலைவர் பெயர், பிள்ளைகள் பெயர், அவரவர் பாடு, எல்லாம் சொல்லி மன்றாடுவது எங்கள் வழக்கம். காகிதம் கிடையாது.

முப்பத்திரண்டு வீட்டில் ஒரு வீட்டை மட்டும் தாண்டிவிடுவேன். பதினைந்துக்குப் பிறகு பதினேழு! பதினாறாம் வீட்டு லோகநாயகி, ஒன்பது வருடத்துக்கு முன், குருத்தோலை ஞாயிறன்று, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, நாலு பேர் நடுவில் சொன்னாள்: “படிக்கத் தெரியாதவ ஜெபம் பண்ணா ஆண்டவருக்கு இன்னா புரியும்?” சிரிக்காதீர்கள், மூன்றாம் வரிசை! புடவையில் சரிகை எத்தனை விரல் என்றுகூடச் சொல்வேன். ஒன்பது வருடம் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடம் தாண்டினேன். ஒருவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன ஆடியில் என் மகன் ரஞ்சித்குமார் வேன் ஓட்டிப் போகையில் மாடு குறுக்கே வந்தது. வண்டி கவிழ்ந்தது. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனை. பகல் பதினொரு மணி. மருமகள் மயங்கிக் கிடக்கிறாள். டாக்டர் ஸ்வாதி ஒரு தாளை நீட்டினார். “அம்மா, முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிர் நிக்கும். கைநாட்டு வைங்க. நேரம் போய்க்கினே இருக்கு.”

எந்தத் தாய்க்கு அந்தக் கட்டைவிரல் எழும்பும்? தவழ்ந்த காலல்லவா? தாங்கிய காலல்லவா? “ஒரு ஜெபம் பண்ணிட்டு வரேன் தாயி” என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். வேறு ஜெபம் எனக்கு என்ன தெரியும்? தெருவைத்தான் தொடங்கினேன். முதல் வீடு, இரண்டாம் வீடு... பதினைந்து வந்தது. பக்கத்தில் யாரோ முழங்காலிட்டார்கள். திரும்பினேன். லோகநாயகி! கையில் வெந்நீர் பிளாஸ்க்.

பதினைந்தாம் வீட்டோடு ஜெபத்தை நிறுத்தினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “இன்னாக்கா நிறுத்திட்ட? எப்பவும் எங்க வூட்டத் தாண்டித்தானே போவ? தாண்டிப் போக்கா. புள்ள உள்ள கீறான்.”

தாய்மார்களே, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்! அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்! என் பிள்ளைக்காகத் தன் பெயரை விட்டுக்கொடுத்தாளே, அதை எப்படித் தாங்குவேன்? வாய் திறந்தேன். பதினாறாம் வீடு, லோகநாயகி, அவள் மகன் நிதின், அவனுடைய வேலை, அவளுடைய இரத்தக் கொதிப்பு. ஒன்பது வருடம் சொல்லாதது எல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது! முப்பத்திரண்டையும் முடித்தேன். எழுந்தேன். நேராக டாக்டரிடம் போனேன். பெலன் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கர்த்தர் கொடுத்தார். முன்னமே கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார். நான் அடைத்து வைத்த வாசலில் அது நின்றிருக்கும். விரலை மையில் தொட்டு அழுத்தமாக வைத்தேன்.

மகன் உயிரோடு இருக்கிறான். பொருத்திய செயற்கைக் காலில் நடக்கிறான், விழுகிறான், என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்!

எல்லாம் மறந்துவிட்டதா என்கிறீர்களா, அம்மா? மேடையில் நின்று பொய் சொல்ல மாட்டேன். லோகநாயகி அன்று சொன்ன சொல் சில நாள் இன்னும் சுடுகிறது. சுட்டாலும் பெயரைச் சொல்கிறேன். சொல்லச் சொல்லத்தான் சூடு தணிகிறது.

உங்கள் ஜெபத்தில் நீங்கள் தாண்டிப் போகிற வீடு எது? மாமியாரா? மச்சினியா? ஒரே அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருப்பவரா? அந்தப் பெயரை இப்போது வாய்க்குள் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

...சொல்லியாயிற்றா? முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைக்கிறார்கள். போதும், என் பேச்சு முடிந்தது.

அழைத்தவர்களுக்கும், வெயிலில் நின்று கேட்டவர்களுக்கும் நன்றி. ஒரு வீட்டையும் விட்டுவிடாமல் கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஸ்தோத்திரம், வணக்கம்.