போடாத இரண்டாம் முடிச்சு

என் பேச்சின் நீளத்தை நன்கு அறிந்தும் என்னை அழைத்த தலைவர் அவர்களே! அகவையிலும் அறிவிலும் மூத்த சான்றோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அரங்கை நிறைத்திருக்கும் தாய்மார்களே! புதிய ஆடுகளத்தில் கால் வைக்கப் பொறுமையிழந்து காத்திருக்கும் பெண்பிள்ளைகளே! அனைவருக்கும் வணக்கம்.

முதல் வரிசையில் ஒரு காலை நீட்டி அமர்ந்திருக்கிறாரே, அவருக்கு மட்டும் இன்னும் வணக்கம் சொல்லவில்லை. மறதியால் அல்ல. அதற்கு எனக்குத் தகுதி வேண்டும்.

அழைப்பிதழில் என்னை 'வெற்றித் தலைவி' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவரை 'விபத்தால் ஆட்டத்தை விட்டவர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டும் பிழை. பிழையைக் கண்டால் திருத்தாமல் நகரக் கூடாது என்பது கான்வென்டில் நான் கற்ற பாடம். இந்தப் பிழையைத் திருத்த எனக்கு ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அவரை நாங்கள் 'ஏணி' என்று அழைப்போம். அவ்வளவு உயரம். பெண்கள் தரையில் நின்றபடி, இரு கையாலும்தான் பந்தை எறிய வேண்டும் என்றிருந்த காலத்தில், துள்ளி எழுந்து ஒற்றைக் கையால் கூடையில் போட்டவர் யார்? ஏணி! ஆண்களுக்கே உரியதென்று பூட்டிக் கிடந்த உள்ளரங்கத்தைப் பெண்களுக்கும் திறக்க வைத்தவர் யார்? ஏணி! நாட்டின் முதல் பெண்கள் அணிக்கு முதலில் எழுதப்பட்ட பெயர் யாருடையது? ஆம், பிள்ளைகளே, சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த அணியின் சட்டையை அவர் ஒருநாளும் அணியவில்லை. ஏன்?

எங்கள் கான்வென்ட் அணியில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் ஷூ லேஸைத் தானே கட்டக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் குனிந்து கட்டுவாள். இரட்டை முடிச்சு. அவிழ்ந்தால் பழி கட்டியவளுக்கு. எனக்குக் கட்டுவது ஏணி. ஏணிக்குக் கட்டுவது நான்.

இறுதிப் போட்டி அன்று நான் அவர் காலடியில் குனிந்து கட்டிக்கொண்டிருந்தேன். பத்திரிகைப் புகைப்படக்காரர் வந்தார்.

"ஏணின்றது யாரும்மா? இப்படி வாங்க, ஒரு படம்."

"நான்தான் கேப்டன்," என்றேன்.

"அப்படியா? சரி, நீங்களும் நில்லுங்க. ஓரமா."

ஓரமாக! என்னை! ஒரு முடிச்சு போட்டிருந்தேன். இரண்டாவதைப் போடாமல் எழுந்துவிட்டேன்.

"கட்டியாச்சா, கேப்டன்?"

"ஆச்சு, ஆச்சு. போங்க மகாராணி, படம் எடுத்துக்கோங்க."

மறந்துவிட்டேன் என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கே பொய் சொல்லி வந்தேன். மறக்கவில்லை.

கடைசி நிமிடம். ஏணி துள்ளினார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. கீழே இறங்கியபோது, அவிழ்ந்த லேஸை மறு கால் மிதித்தது. முட்டி திருகிய சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கேட்கிறது.

விளையாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஓடி வந்தார். "யாரு கட்டினது இத?"

ஏணி என்னைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "நானேதான் சிஸ்டர். அவசரத்துல நானே கட்டிக்கிட்டேன்," என்றார்.

"வழக்கத்த மீறுற அளவுக்குத் திமிரா உனக்கு?"

வலியில் கிடந்தவருக்கு வசையும் விழுந்தது. நான் வாய் திறந்தேனா? இல்லை. மாலையில் கோப்பை வாங்கத்தான் கை நீட்டினேன்.

கைதட்டாதீர்கள், ஐயா. கோப்பை என்றதும் தட்டுகிறீர்கள். கதையைக் கேளுங்கள்.

ஏணி ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தொரு ஆண்டுகள். மருமகளோடு ஒருநாள் அங்கே போனேன். முட்டி மடங்காததால், குட்டை முக்காலியில் ஒரு காலை நீட்டி அமர்ந்து, என் பாதத்தை அளந்தார். ஷூ மாட்டினார். லேஸ் கட்டினார். இரட்டை முடிச்சு. "இறுக்கமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார்.

வெளியே வந்ததும் மருமகள் கேட்டாள்: "அத்தை, உங்களயே பாத்துட்டிருந்தாங்களே, தெரிஞ்சவங்களா?"

"கடைக்காரங்க எல்லாரையும் அப்படித்தான் பாப்பாங்க," என்றேன்.

இதைவிடக் கீழே ஒருவர் இறங்க முடியுமா? என் கணவர் மறையும் நாள்வரை அவரிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அந்தக் கடையின் பின்சுவரில் ஒரு வளையத்தை அடித்து, சாப்பாட்டு இடைவேளையில் கடைப் பெண்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார் ஏணி. அந்தப் பெண்கள் பதினோரு ஆண்டுகள் மனு எழுதி எழுதி வாங்கியதுதான் இந்த ஆடுகளம். இப்போது தட்டுங்கள்! கை வலிக்கத் தட்டுங்கள்!

மூன்று நாளுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். "கேப்டன், முதல் பந்து நான்தான் போடணுமாம். லேஸ் கட்டத்தான் ஆளில்ல." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

இன்று, மடங்கும் காலில் லேஸ் அவிழ்ந்து கிடக்க, அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் ஒரு பெண் கட்டிவிடக் குனிந்தபோது காலை இழுத்துக்கொண்டார். பார்த்தீர்கள் அல்லவா? என்னிடமும் இழுத்துக்கொள்ளலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு.

என்ன ஏணி? உரக்கச் சொல்லுங்கள்.

"பேச்ச முடி, கேப்டன்! கால் மரத்துப்போச்சு!"

சிரிக்காதீர்கள். அணியில் அவர் பேச்சை நான் கேட்டதே இல்லை. இன்று கேட்கிறேன்.

தலைவர் அவர்களே, இந்த மாலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு கைகளும் வேண்டும். தாய்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள். குனிந்தால் எழ எனக்கும் ஒரு கை கொடுங்கள். பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி.

காலை இழுக்கவில்லை. நீட்டுகிறார்.

வணக்கம், ஏணி. வருகிறேன்.