நாலாம் கொட்டகையும் நம் சந்தேக அக்காவும்

நோய்ச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் நாளில் நாலாம் கொட்டகை பூட்டியிருக்கும். ஏன் என்று எவரும் கேட்பதில்லை. எழுதி ஒட்டாத இவ்விதிக்கு எல்லோரும் இணங்கி நடக்கும் இம்முட்டைப் பண்ணையில், இருபத்தெட்டு ஆண்டுகள் ஐயத்தையே அணிகலனாய் அணிந்து, இன்று பணி நிறைவு பெறும் மாதிரி சேகரிப்பாளரே, எங்கள் சந்தேக அக்காவே, வணக்கம்.

கூண்டில் கிடந்த முட்டையையும் கும்பிட்டு நின்ற மனிதரையும் ஒரே கண்ணால் அளந்தவர் தாங்கள். தீவன மூட்டையில் எலிப் புழுக்கை, தண்ணீர்க் குழாயில் பாசி, எங்கள் செருப்பில் ஈரம் என எதுவும் அக்கண்ணுக்குத் தப்பியதில்லை. “கோழி நல்லாத்தானே இருக்கு அக்கா” என்போம். “யாரு சொன்னா, கோழியா? சால்மோனெல்லாக் கிருமி வந்த கோழி பெரும்பாலும் காட்டிக்காது. முட்டையும் லட்சணமாத்தான் இருக்கும். அதான் எனக்குப் பயமே” என்பீர்கள்.

காலில் துணியுறை மாட்டிக் கொட்டகை நெடுக நடந்து, எச்சம் ஒட்டிய அவ்வுறைகளை ஆய்வகத்துக்கு அனுப்புவது தங்கள் பணி. திறந்திருந்த மூன்று கொட்டகைகளிலும் நடந்தீர்கள். நோயில்லை என்றே விடை வந்தது. அவ்விடையையும் தாங்கள் முழுதாய் நம்பியதில்லை.

சென்ற மாதம், எங்களோடு முட்டை தரம் பிரிக்கும் பணித்தோழியின் மகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாய் மருத்துவமனையில் கிடந்தாள். விரிசல் விட்டவை பணியாளருக்கு என்ற வழக்கப்படி அவ்வீட்டுக்குப் போனவை நாலாம் கொட்டகை முட்டைகள். அன்றே தாங்கள் சாவி கேட்டீர்கள். காவலாளி மேலாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “தொலைஞ்சுபோச்சு அக்கா” என்றார்.

“அப்போ தீவனம் தினம் சுவரேறிக் குதிச்சா போகுது?”

மேலாளர் சிரித்தார். நாங்கள் குனிந்து எங்கள் கால்விரல்களைப் பார்த்தோம். நோய் உறுதியானால் அக்கோழிகள் அத்தனையும் அழிக்கப்படும், நம்மில் பலருக்கு வேலை போகும் என்ற அச்சம் எங்கள் வாயை அடைத்தது. அதன்பின் எங்களையும் சந்தேகித்தீர்கள். அச்சந்தேகம் தவறன்று.

அச்சிறுமி பிழைத்துக்கொண்டாள். அடுத்த பிள்ளை எவருடையதோ, யாமறியோம்.

குன்றா உடல்நலமும் குறையா விழிப்பும் தங்களுக்கு என்றும் வாய்க்கட்டும். ஆயினும் இன்றும் மாதிரி நாள். மாலை ஐந்து மணி வரை தாங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள். தங்கள் பையில் துணியுறை ஒரு சோடி மீதமிருப்பதையும் பார்த்தோம். ஆகவே, இம்மடலை வாசிக்கும் காவலாளியாகிய நான், தொலைந்ததாகச் சொன்ன சாவியை, மேலாளர் பார்த்திருக்க, இம்மடலைப் பதித்த கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்துத் தருகிறேன்.

வாங்க அக்கா, கதவைத் திறக்கலாம்.

இவண்,
இனித் தலைகுனியாப் பண்ணைப் பணியாளர்கள்