அம்மாடி என்று தொடங்கிய மெத்தைக் கடிதம்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியும் தலை நிமிர முடியாமல் அமர்ந்திருக்கும் அச்சக உரிமையாளர் அவர்களே, எங்கள் எழுத்தை நம்பித் தம் சரக்கை ஒப்படைத்த மெத்தைக் கடை முதலாளி அவர்களே, வாசல்தோறும் எங்கள் வார்த்தைகளைச் சுமந்து சென்று வசவையும் சேர்த்து வாங்கிய தபால்காரப் பெரியவர்களே, உறை மடித்து மடித்தே விரல் மரத்துப்போன தாய்மார்களே, விற்பனைக் கடிதம் எழுதி வயிறு வளர்க்கும் என் சக பாவிகளே, மூன்றாம் வரிசை ஓரத்தில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் அண்ணனின் ஒரே மகளே, அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

அண்ணன் என்றேன். உடன்பிறந்தவர் அல்லர். இந்த அச்சகத்தில் அவர் விற்பனைக் கடிதம் எழுதுவார். அது போய்ச்சேர வேண்டிய முகவரிகளை நான் பார்ப்பேன். பக்கத்துப் பக்கத்து மேசை. ஒரு கடிதத்தின் முதல் வரிக்காக மூன்று நாள் முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் ஊரே அவரை 'முதல்வரி' என்றது. நான் மட்டும் அண்ணன் என்றேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

இன்று அவரைப் புகழ நான் வரவில்லை. புகழ்வதற்கு இங்கே ஆள் இருக்கிறது, அதற்குப் பிறகு காபியும் இருக்கிறது. அவருடைய மகளுக்கு ஒன்றைச் சொல்லவே மேடை ஏறினேன். உன் அப்பா உன் செல்லப் பெயரை விற்கவில்லை, அம்மா. அதை உன்னிடம் தனியே சொல்லிப் பார்த்தேன், நீ நம்பவில்லை. அதனால் அன்று உடனிருந்த அத்தனை பேரையும் சாட்சியாக உட்காரவைத்துக்கொண்டு சொல்கிறேன்.

விற்பனைக் கடிதம் என்பது என்ன? வேண்டாதவர் வீட்டுக் கதவை வேண்டாத நேரத்தில் தட்டும் காகிதம். குப்பைக்கூடையின் பக்கத்தில் நின்றுகொண்டே படிக்கப்படும் இலக்கியம். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் கூடைகளில்தான் எங்கள் வாழ்நாள் கிடக்கிறது. அந்தக் கூடைக்குத் தப்புவது எப்படி? அலங்காரம் தப்புமா? ஆரவாரம் தப்புமா? அச்சடித்த அன்பு தப்புமா? தப்பாது என்பார் அண்ணன். அவரிடம் ஒரு வழி இருந்தது. எந்தச் சரக்கானாலும் முதல் பிரதியைத் தன் மகளுக்கு எழுதுவார். "அம்மாடி" என்று தொடங்குவார். தண்ணீர் வடிகட்டியா? "அம்மாடி, தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கிறியா?" மூக்குக்கண்ணாடியா? "அம்மாடி, இன்னும் புத்தகத்த மூக்குல ஒட்டவச்சுத்தான் படிக்கிறியா?" அப்படி முழுவதையும் எழுதி முடித்த பிறகு வேறு தாள் எடுப்பார். அம்மாடி, 'அன்புள்ள வாடிக்கையாளர்' ஆகிவிடும். நீ, 'நீங்கள்' ஆகிவிடும். மிச்சமிருக்கிற சூடு போதும், சரக்கு நகர்ந்துவிடும்.

அந்த மகளோ அவரிடம் பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. ஏன்? இவள் தாய் மருத்துவமனையில் இருந்த அன்று அண்ணன் அச்சகத்தில் இருந்தார். ஒரு கடிதத்தின் கடைசிப் பத்தி முடியவில்லை. முடித்துக்கொண்டு ஓடினார். கட்டில் காலியாக இருந்தது. "அம்மா உங்களத் தேடிட்டே போனாங்க. நீங்க யாருக்கோ லெட்டர் எழுதிட்டு இருந்தீங்க" என்றாள் மகள். அதில் ஒரு சொல்லாவது தப்பா? இல்லையே.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பட்டியலிலும் எங்கள் வீட்டு முகவரி ஒன்றைச் செருகிவைப்போம். கடிதம் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்ததா, மழையில் நனைந்ததா என்று பார்ப்பதற்கு. அண்ணன் தன் முகவரியைத் தரமாட்டார், மகளின் முகவரியைத் தருவார். "எடுத்துப் படிச்சா போதும் தங்கச்சி. யார் எழுதினதுன்னு தெரிய வேணாம்" என்பார். எனக்குக் கோபம் வரும். "ஏண்ணே, உங்க பேரப் போட்டு ஒண்ணு எழுதினா கை தேஞ்சா போயிரும்?" என்று கேட்பேன். "எழுதலாம், எழுதலாம்" என்பார். இந்த 'எழுதலாம்' எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?

பிறகு மெத்தைக் கடிதம் வந்தது. என்ன நடந்தது? இரண்டு தாள்களில் தப்பான தாள் அச்சுக்குப் போனது. மகளுக்கு எழுதிய தாள். அச்சடித்த மாதிரியைத் திருத்திப் பார்க்க அண்ணனிடம்தான் கொண்டுவந்தார்கள். வாய்விட்டுப் படித்தார். "அம்மாடி, ராத்திரி நல்லாத் தூங்குறியா? சின்னதுல ஒருக்களிச்சே படுத்துக் காலையில கழுத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. இப்பவும் அப்படித்தானா? வெலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல நீ தூங்கணும்." படித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டார். அவர் மனதில் எல்லாக் கடிதமும் அப்படித்தானே தொடங்கும்? அவர் கண்ணுக்கு அது எப்படித் தப்பாகத் தெரியும்?

தலைவர் அவர்களே, நீங்கள் அன்று என்ன செய்தீர்கள்? ஆம், சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும். ஒலிவாங்கி இல்லாமல் சொல்கிறார், நான் திருப்பிச் சொல்கிறேன். "எனக்கு மனசுல இடிச்சுதும்மா. ஆனா முதல்வரி எது செஞ்சாலும் அதுல ஒரு உத்தி இருக்கும்னு அச்சடிச்சுட்டேன்." கேட்டாயா மகளே? அச்செழுத்துக் கோத்தவர் உத்தி என்றார். அடித்தவர் உத்தி என்றார். உறையில் போட்ட பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்னமா உத்தி பண்றாரு பாரு" என்றார்கள். எட்டாயிரம் வீடுகளுக்குப் போனது.

பதில் அட்டைகள் மூட்டையாக வந்தன. முதலாளி இனிப்புப் பெட்டியோடு வந்தார். தலையைக் குனியாதீர்கள் ஐயா, உங்கள்மேல் தப்பில்லை. மெத்தை கேட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "எங்க அப்பாவும் இப்படித்தான் கேப்பாரு. மெத்தை வேண்டாம், அடுத்த லெட்டர் எப்ப வரும்?" என்று எழுதியிருந்தார்கள். அண்ணனுக்கு அப்போதுதான் நடந்தது புரிந்தது. அந்தக் குவியலில் இவளுடைய அட்டையும் இருந்தது. 'தேவையில்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "அம்மாடிங்கிறதையும் வித்துட்டீங்களா அப்பா?"

அதன்பின் அவர் எந்தக் கடைக்கும் ஒரு வரிகூட எழுதவில்லை. மகளுக்கு எழுத உட்கார்ந்தார். அம்மாடி என்று எழுதுவார், பேனா நின்றுவிடும். தாளைக் கசக்குவார். "என்னண்ணே, உங்களுக்கா வரல?" என்றேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியவில்லை. "அழகா எழுதினா உத்தின்னு நெனப்பா தங்கச்சி. மோசமா எழுத எனக்கு வராதே." அவையோரே, வார்த்தையை வாடகைக்கு விட்டு வாழ்கிற நாம் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் திறந்த கை, ஒரே ஒரு கதவை மட்டும் தட்டத் தெரியாமல் நின்றது. அப்படியே ஒரு மதியம், அந்த மேசையிலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

மகளே, விற்க எழுதியதை நாங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறோம். எழுதியதெல்லாம் உத்தி. அடித்ததெல்லாம் உத்தி. அனுப்பியதெல்லாம் உத்தி. உத்தியே இல்லாமல் இந்த அச்சகத்தை விட்டு வெளியே போன கடிதம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் எல்லோரும் கூடி நின்று உத்தி என்று மெச்சினோம். எட்டாயிரம் பேர் அதைப் படித்தார்கள், அம்மா. எழுதியது உனக்கு.

எழுந்திருக்கிறாளா? வழிவிடுங்கள், அவள் போக விரும்பினால் போகட்டும். போகவில்லை. ஏதோ கேட்கிறாள். கொஞ்சம் அமைதி காக்கவேண்டும், பின்வரிசையில் பேச்சை நிறுத்துங்கள்.

"அந்த அட்டையப் படிச்சுட்டு அப்பா என்ன சொன்னாரு அத்தை?" என்று கேட்கிறாள்.

மென்று விழுங்க மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன். மற்ற அட்டைகளையெல்லாம் மேசையிலேயே விட்டார். உன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏச்சு வாங்கியவர் முகமாகவே அது இல்லை. உன் வரியின் கடைசிச் சொல்லின்மேல் விரலை வைத்துக்காட்டினார். "அப்பான்னு எழுதியிருக்கா பாரு தங்கச்சி" என்றார்.

இதற்குமேல் எனக்குப் பேச வராது. பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. தலைவர் அவர்களே, கூட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவையுங்கள், நான் கீழே இறங்கி அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். வணக்கம்.