பின் சீட்டு இல்லாத கார்

அலோ... அலோ, மோகன் மாமா! ஆங், நாந்தான், தமிழு. நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசல்ல கீறேன்... ஆமா, வந்துட்டாங்க, வந்துட்டாங்க. மாப்ள, அவங்கப்பா, அவங்கம்மா, மூணு பேரு. அத்த வுடு. காரு பின் சீட்டு எங்க?

...

இன்னாது, கழட்டிட்டியா? த்தூ!... கனமா? சீட்டு இன்னா கனம் கனத்துச்சு உனுக்கு?... நா எப்டி பாப்பேன்? சாவிய குடுத்த, முன்னாடி குந்தி ஓட்டிகினு வந்தேன். பின்னாடி வெயிலுக்குன்னு கருப்பு துணி கட்டி வெச்சிக்கீற, உள்ள ஒரே இருட்டு. பொண்ணு பாக்க வர்றவங்கள கூட்டியார வண்டில சீட்டு கீதான்னு எவனாவது தடவி பாப்பானா?

அந்தம்மா கதவ தொறந்துச்சு மாமா. உள்ள வெறும் தகரம், நட்டு நீட்டிகினு கீது. அந்தம்மா என்ன பாக்குது. நா மாப்ளய பாக்கறேன். மாப்ள செருப்ப பாக்கறான்.

ஆமா... ஆமா ஆமா, தெரியும், அம்பத்தூருக்கு நீ தனியாதான் வேலைக்கு போற. அதுக்கு? மைலேஜ் ஏறும்னு போன மாசம் ஸ்டெப்னிய கழட்டின. ஏசிய நிறுத்தின, வேர்த்து வடியுதுன்னு அக்கா அதுல ஏற்றதே இல்ல. பாலத்து எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணிட்டு உருட்டிகினு வர்ற. அப்ப பிரேக்கு கல்லு மாரி இறுகிடும், மிதிச்சாலும் புடிக்காது மாமா, ஒரு நாளு லாரிக்கு பின்னாடி பூந்துட போற... இன்னா, மிச்சமா? வாயில நல்லா வருது. அக்கா புருசனாச்சேன்னு பாக்கறேன்.

...

பாயா? சம்பந்தியம்மாவ தகரத்துல பாய் விரிச்சி குந்த வெக்கணுமா? ஐயே! முட்டி வலின்னு பட்ட போட்டுகினு வந்துக்கீது அந்தம்மா!

இதோ வந்துட்டேங்க! ஒரே நிமிஷம்! ரோடு எப்டி கீதுன்னு கேட்டுகினு கீறேன்!

மாமா, நாலரைக்கு ராவு காலம். அதுக்குள்ள சென்னீர்குப்பம் வந்து உன் ஊட்ல கால் வெக்கணும். ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டி போச்சு. இந்த பையன உன் பொண்ணு மதிவதனிக்கு புட்ச்சிக்கீது, போட்டோவ பாத்து பாத்து சிரிக்கறாளாம், அக்கா சொல்லுச்சு. புடவ கட்டிகினு குந்தினு கீறா புள்ள. இது கெட்டு போனா அவ மூஞ்ச நீ பாப்பியா? தாய்மாமன்தான் போய் கூட்டியாரணும்னு என்ன அனுப்ன பாரு, என்ன சொல்லணும்...

இரு, இரு. மாப்ளயோட அப்பா காராண்ட போறாரு. குனிஞ்சி பாக்கறாரு... இன்னாங்க?... ஐயோ. லிட்டருக்கு எவ்ளோ குடுக்குதுன்னு கேக்கறாரு மாமா!... நா சொல்ல மாட்டேன், போ... அடச்சே! ஏறி தகரத்துலயே சம்மணம் போட்டு குந்திட்டாரு! அவரும் ஸ்டெப்னிய கழட்டி மொட்ட மாடில போட்டுக்கீறாராம். சிரிக்கறாரு! உன்ன மாரியே இன்னொன்னு. பேசாம உங்க ரெண்டு பேருக்கும் முடிச்சி வெச்சிடலாம்... வோணாம், போன அவராண்ட குடுக்க மாட்டேன்!

அந்தம்மா கூப்புடுது, லைன்ல இரு... சொல்லுங்கம்மா... ஐயோ இல்லம்மா... இல்ல இல்ல, பொண்ணு அப்டி இல்ல... சத்தியமா!

...

மாமா. கீறியா? அந்தம்மா தலைல அட்ச்சிகினு ஆட்டோவ நிறுத்திச்சு, மாப்ளய ஏத்திகிச்சு... திரும்பி போலய்யா, உன் ஊட்டுக்குதான் வருது, கேளு! பொண்ணும் அவங்கப்பன மாரிதானான்னு என்ன கேட்டுச்சு. இல்லம்மா, அவ இந்த காருக்காக தெனம் அப்பன்கூட சண்டதான், அவங்கம்மாகூட சேந்துகினு அந்தாள வாங்கு வாங்குன்னு வாங்குவான்னு வாய்தவறி சொல்லிட்டேன்.

அந்தம்மா என் கைய புட்ச்சிகிச்சு மாமா. இத்தினி வருசமா நா ஒர்த்தியே கத்திகினு கெடந்தேன், இப்பதான் கூட கத்த ஒரு ஆளு வர்றா, இன்னிக்கே பூ வெச்சிடலாம்னுச்சு. கண்ணு கலங்கிகினு சொல்லுது.

...

இன்னாது? காராலதான் அமைஞ்சுதா? த்தூ! காராலயும் இல்ல, உன் மைலேஜாலயும் இல்ல. உன்ன திட்டறதுக்குன்னே ஒரு பொண்ண பெத்து வெச்சிக்கீற பாரு, அதாலதான் நடக்குது. வை போன!